ஆறாம் நாளில் மூடிய கணக்கு

தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தாருக்கும் காவிரிப் படுகை மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வேதாரண்யத்துக்கும் தலைஞாயிறுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து இதை எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஐப்பசி பிறந்துவிட்டது, சம்பா நட்ட வயல்களையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் உங்கள் அலுவலகங்களில் ஆய்வுக் கூட்டங்கள் நடப்பதையும், மணல் மூட்டை, படகு, மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர் என ஒவ்வொன்றின் இருப்பும் சரிபார்க்கப்படுவதையும் செய்தித்தாளில் படிக்கிறேன். அந்தக் கூட்டங்களில் பேசப்பட்டதாக நான் ஒருமுறையும் படித்திராத ஒன்றைப் பற்றியே இம்மடல். பேரிடரில் மாண்டவர்களை நாம் எப்படி எண்ணுகிறோம், எந்த நாளோடு எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறோம் என்பதே அது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆறு நாள் கழித்து, 22ஆம் தேதி, மாநில அரசு தில்லியில் பிரதமரிடம் சேத விவரங்களை அளித்தபோது இறந்தவர்கள் 63 பேர் என்று சொல்லப்பட்டது. மரம் விழுந்தும் சுவர் இடிந்தும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. கரையோர மக்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அப்புறப்படுத்தியிராவிட்டால் அந்த எண் பலமடங்கு ஆகியிருக்கும் என்பதையும் நான் அறிவேன். 1977 நவம்பர் 12ஆம் தேதிப் புயல் நாகையைத் தாக்கியபோது எனக்குப் பதினெட்டு வயது. அந்தப் புயலில் 560 பேர் மாண்டதாகவும் 196 பேரைக் காணவில்லை என்றும் வானிலைத் துறையின் குறிப்பு கூறுகிறது. அந்த 560-க்கும் இந்த 63-க்கும் நடுவே உங்கள் துறையின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. என் கேள்வி ஏழாம் நாளிலிருந்து தொடங்குகிறது.

என் அண்ணன் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துவந்தவர். எங்கள் பக்கத்தில் தென்னங்கன்றைக் கன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தென்னம்பிள்ளை என்பார்கள். அன்று விடிந்தபோது இருநூற்றுப் பத்து மரங்களில் நின்றவை பத்தொன்பது. விழுந்து கிடந்தவற்றின் மேல் ஏறியும் இறங்கியும் அண்ணன் ஒவ்வொன்றாக எண்ணினார்; எண்ணி முடித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 மரத்துக்கு, 500 வெட்டி அகற்றுவதற்கு. பட்டா எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்கே அந்தப் பணம். நில உரிமையாளர் வெளியூரில் இருப்பவர், நல்ல மனிதர், யாரும் கேட்காமலே பாதியை அனுப்பிவைத்தார். அது வந்துசேர்ந்தபோது அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவர் இறந்தது புயலடித்த நாற்பத்திரண்டாம் நாள். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர இருபத்தாறு நாள் ஆயிற்று. வீட்டுக் கூரையில் பாதி போய்விட்டதால் தார்ப்பாயின் கீழ் படுத்திருந்தார். இரத்த அழுத்த மாத்திரைகள் நனைந்து கரைந்துவிட்டன. வேறு வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார், போகவில்லை. பகல் முழுவதும் விழுந்த மரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார், அந்தக் கட்டைகளை வாங்குவார் யாருமில்லை என்று தெரிந்தும். ஒரு மதியம் அந்தக் கட்டைகளின் மேலேயே சாய்ந்துவிட்டார். நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்பதற்காக நான் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், புயல்ல செத்தாரா, புயல் போனப்புறம் செத்தாரா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

நான் நேர்மையாகவே எழுத வேண்டும். அண்ணன் நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். புயல் வராவிட்டாலும் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒரு தனி மனிதரின் சாவை எடுத்துவைத்துக்கொண்டு இதில் புயலுக்கு எவ்வளவு பங்கு, பீடிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க எந்தக் கணக்கு ஆசிரியராலும் ஆகாது. ஆனால் அந்த நாற்பது, ஐம்பது நாளில் எங்கள் ஊரில் இழவு விழுந்தபடி இருந்தது என்பதை மட்டும் நான் அறிவேன். அடுத்த தெருவில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மூதாட்டி, குளிர்பெட்டி இயங்காததால் மருந்துக் குப்பியை மண்பானைத் தண்ணீரில் போட்டுவைத்து, அது கெட்டதா இல்லையா என்று தெரியாமலே போட்டுக்கொண்டு, மூன்றாம் வாரம் போய்ச்சேர்ந்தார். இருட்டில் கட்டைக் குவியலைக் கடந்தவரைப் பாம்பு தீண்டியது. ஓடு மாற்ற ஏறியவர் சரிந்து விழுந்தார். புயல் நடந்த இரவில் எங்கள் ஊரில் ஒருவரும் சாகவில்லை. ஆகவே அரசின் கணக்கில் எங்கள் ஊருக்கு நேராக இருப்பது சுழி. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சாவுகளைத் தேதியிட்டு எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

இவ்வாறு பின்னால் வரும் சாவுகளை எண்ணுவது புதுமையான கருத்து ஒன்றும் இல்லை. நிலநடுக்கத்தோடு வாழப் பழகிய ஜப்பானியர் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் பேரிடர்த் தொடர்புச் சாவு எனலாம். 1995 ஜனவரியில் கோபே நகரைக் குலைத்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களாக அந்நாடு குறித்துவைத்திருக்கும் எண் 6,434. அதில் இடிபாடுகளில் நசுங்கியவர்களும் தீயில் கருகியவர்களும் மட்டும் இல்லை. முகாமின் குளிரிலும் நெரிசலிலும் நோயுற்று மாண்ட 900-க்கும் மேற்பட்டவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். 2016 ஏப்ரலில் குமமோத்தோவில் இருபத்தெட்டு மணி நேர இடைவெளியில் இரண்டு பெரும் அதிர்வுகள் வந்தன. நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். மீண்டும் அதிருமோ என்ற அச்சத்தில் மக்கள் வாரக்கணக்கில் கார்களுக்குள் உறங்கினார்கள், காலில் இரத்தம் கட்டியது, முதியோர் இல்லங்களும் மருத்துவமனைகளும் நோயாளிகளை இடம் மாற்றின. பின்னர் தொடர்புச் சாவுகளாக ஏற்கப்பட்டவை 200-ஐத் தாண்டின; அதாவது நிலம் அதிர்ந்தபோது இறந்தவர்களைப் போல நான்கு மடங்கு. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் பின்னால் இறந்தவர்களின் எண்ணிக்கை நேரடிச் சாவுகளை விஞ்சிவிட்டது. ஒவ்வொரு சாவையும் அந்தந்த ஊரின் உள்ளாட்சி ஆராய்ந்து முடிவு செய்கிறது. அதற்கென அமைக்கப்படும் குழுக்களில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பங்கள் எல்லாமே ஏற்கப்படுவதில்லை, தள்ளுபடியாவதும் உண்டு.

பணக்கார நாட்டின் கதையை எங்களிடம் சொல்லாதீர்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படியானால் எங்களைப் போலவே புயலில் மின்சாரத்தைப் பறிகொடுத்த ஒரு தீவைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபின் அத்தீவின் அரசு மாதக்கணக்கில் 64 பேர் இறந்ததாகவே சொல்லிவந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இறப்புப் பதிவுகளை எடுத்து, புயலுக்குப் பின்வந்த மாதங்களில் வழக்கத்துக்கு மேல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். வந்த மதிப்பீடு 2,975. அரசு தன் பழைய எண்ணைக் கைவிட்டு அதையே அதிகாரப்பூர்வ எண்ணாக ஏற்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இவர் புயலால் இறந்தாரா என்று அவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். கழித்தல் கணக்குதான் போட்டார்கள்.

அந்தக் கழித்தலுக்கு வேண்டியவை நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே நான் சொல்லவந்ததன் சாரம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வோர் இறப்பும் 21 நாளுக்குள் பதியப்பட வேண்டும். நம் ஊராட்சிகளில் அதைப் பதிபவர் கிராம நிர்வாக அலுவலர். பயிர் அடங்கல் எழுதுபவரும் அவரே. புயலுக்குப் பிறகு வீட்டுச் சேதம், மரச் சேதம், கால்நடைச் சேதம் என்று பட்டியல் போடுகிறவரும் அவரே. மூன்று ஏடுகளும் ஒரே மேசையில், ஒரே கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன; ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பாருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நவம்பர் 16 தொடங்கி ஆறு மாதத்தில் வேதாரண்யம் வட்டத்தில் பதிவான இறப்புகள் எத்தனை, முந்தைய ஐந்து ஆண்டுகளில் அதே ஆறு மாதங்களின் சராசரி எத்தனை என்று பார்த்தாலே போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று தெரியவந்தால் நான் மகிழ்வேன், என் நோட்டை மூடிவைத்துவிடுவேன்.

நில அதிர்வு வரைபடத்தில் எங்கள் படுகை ஆபத்துக் குறைந்த பகுதி. ஆனாலும் எங்கள் கரை கண்ட மிகப் பெரிய சாவு ஒரு நிலநடுக்கத்தால்தான் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுநிலா நாள். காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில், நிலம் பிளந்தது. அலை இங்கு வந்துசேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் பெண்கள் படகு திரும்புவதற்காகக் கூடையோடு காத்திருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டவர்கள் 6,000-க்கும் அதிகம். ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007இல். தகவல் இல்லாத அந்த இரண்டரை மணி நேரம் இனி வராது என்று நம்புகிறோம்.

ஆனால் அந்த 6,000-க்குள் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள் அரசுக்கு வெளியில் இருந்தவர்கள்தாம். ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இறந்திருந்தார்கள் என்று ஆக்ஸ்ஃபாம் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பினர் சில மாதங்களிலேயே எழுதினார்கள். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஓடியவர்கள், ஆண்களைப் போல நீந்தப் பழகாதவர்கள், ஈரச் சேலை காலைச் சுற்ற முள்ளில் மாட்டிக்கொண்டவர்கள். குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டபின் எல்லாப் பிள்ளைகளையும் அலைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் மீண்டும் கருவுற வேண்டும் என்பதற்காக மறு அறுவைக்கு அரசே உதவி அறிவித்தது; அது எப்பேர்ப்பட்ட இழப்பு என்பதை அந்த ஆணையை எழுதிய அதிகாரி அறிந்திருப்பார். கடலை நம்பாமல் கரைக்கு உள்ளே கூலி வேலை செய்த குடும்பங்களுக்கோ வேறு விதமான அடி. உப்புநீர் புகுந்த வயலில் மணலை அள்ளி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, நிலம் தேறும்வரை நடவும் இல்லை, களையும் இல்லை, அறுப்பும் இல்லை. படகும் இழக்காத, பட்டாவும் இல்லாத அவர்களின் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்று அன்று பலரும் கேட்டார்கள்.

எண்ணிக்கை என்பது வெறும் தொகை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். கஜா இரவில் பட்டுக்கோட்டைப் பகுதியில், பூப்பெய்தியதன் பேரில் வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமியின் மேல் தென்னை விழுந்தது. மரம் விழுந்து மரணம் என்ற கட்டத்தில் அவள் ஒன்று. அவள் அங்கே எதற்காகப் படுத்திருந்தாள் என்பதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், அடுத்த புயலுக்கு முன் ஒலிபெருக்கியில் ஊரூராகச் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று கூடுதலாகக் கிடைத்திருக்கும்: தீட்டென்று யாரையும் வெளியில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் அழையுங்கள்.

வறட்சியில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது, ஏனென்றால் வறட்சிக்குக் கரையைக் கடக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவித்தது. கருகிய வயலைப் பார்த்தும் கடனை நினைத்தும் படுகையில் இறந்த உழவர்கள் வறட்சியால் இறந்தார்களா, வயதாலும் நோயாலும் இறந்தார்களா என்ற வழக்காடல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இரு தரப்பும் ஒவ்வொரு பிணமாக வைத்து வாதாடின. கழித்தல் கணக்கை யாராவது அன்று போட்டிருந்தால், அந்தக் குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சாவை மெய்ப்பிக்க வேண்டிய இழிநிலைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். இதில் எனக்குச் சினமும் உண்டு. ஆயினும் இம்மடலை அதற்காக நீட்ட விரும்பவில்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பேரிடர் என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது உயிரிழப்பை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மனிதத் துயரம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாற்பத்திரண்டாம் நாளில் கைம்பெண்ணான என் அண்ணிக்கு அந்தச் சிறப்பு ஏற்பாட்டில் இடம் உண்டா என்பது சட்டத்தின் வாசகத்தைப் பொறுத்தது அல்ல, தேதியைப் பொறுத்தது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். ஒரு மாவட்டம் பேரிடரால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்படும் நாளிலிருந்து ஓராண்டுக்கு அங்கே ஒரு தொடர்புச் சாவுப் பதிவேடு திறந்திருக்கட்டும். அதில் வயது, பால், தொழில், நிலம் உடையவரா குத்தகைதாரரா கூலியா, இறந்த இடம் எது, அன்று மின்சாரம் இருந்ததா, மருந்து இருந்ததா என்பவை எழுதப்படட்டும். வட்டந்தோறும் அரசு மருத்துவர் ஒருவரும் ஊர்ப் பெண் ஒருவரும் உள்ள சிறு குழு அதைப் பார்க்கட்டும். நவம்பர் 1, ஜனவரி 26, மே 1 என்று கிராம சபை கூடும் நாள்களில் அந்தப் பெயர்கள் சபையில் வாசிக்கப்படட்டும். பொய்யாக ஒரு பெயரை நுழைத்தால் எழுந்து மறுக்க ஊரே உட்கார்ந்திருக்கும். போலி விண்ணப்பங்கள் குவியும் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. அதற்காகவே பணத்தையும் கணக்கையும் முதலில் பிரித்துவையுங்கள் என்கிறேன். எந்தச் சாவுக்கு எவ்வளவு உதவி என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் எண்ணுங்கள். அந்த எண்கள் கையில் இருந்தால், அடுத்த மழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தில் மணல் மூட்டைகளோடு இன்சுலினையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் பாம்புக்கடி மருந்தையும் எந்த ஊரில் எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியும்; டயாலிசிஸ் செய்துகொள்வோரைப் புயலுக்கு முதல்நாளே மின்சாரம் உறுதியான ஊருக்கு அனுப்ப முடியும்; எந்தத் துணைமின்நிலையத்தை முதலில் சரிசெய்தால் எத்தனை உயிர் நிற்கும் என்றும் தெரியும்.

என் யோசனையில் ஒரு குறை இருக்கிறது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். இம்மடலோடு என் நோட்டின் ஐந்து பக்கங்களைப் படியெடுத்து இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குப் பெயர் இல்லை: "பெண் குழந்தை, ஒன்பது நாள், தார்ப்பாய்க் கொட்டகை, சளி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பெயர் வைக்கும் முன்பே இறந்துபோனது. அதன் தாய் நடவாளாக வேலை செய்பவள். பிரசவம் நடந்தது வீட்டில், புயலுக்கு மறுநாள். அந்தக் குழந்தை பிறப்புப் பதிவேட்டிலும் ஏறவில்லை, இறப்புப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆகையால் ஏடுகளை ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், புயல் கடந்த மூன்றாம் மாதத்தில் ஒருமுறை கிராம நிர்வாக அலுவலரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்து தெருத்தெருவாக நடக்க வேண்டும் என்றும், அந்த நடையை ஊரின் கடைசித் தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.